ஓரகத்தியின் குழந்தைக்குப் பின்னிய தொப்பி

எனக்குப் பொறாமை ஜாஸ்தி. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். பிறர் வாயால் கேட்டால் இன்னும் எரிச்சல் வரும். சின்ன வயதில் தங்கைக்கு ஒரு கரண்டி கூழ் அதிகம் விழுந்தால் என் கிண்ணத்தை அப்படியே தள்ளிவிட்டு எழுந்து போவேனாம். பசி தாங்காமல் சாயங்காலம் திரும்பி வந்து அதே கூழைக் குடிப்பேனாம். அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது. ஒரு கரண்டி கூடத்தானே விழுந்தது? அது உண்மைதானே?

எங்கள் ஊர் அணைக்கட்டுப் பக்கம். அப்பாவுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம், நாலு ஆடு. வேலூர் மிஷன் பள்ளிக்கூடத்தில் என்னைத் தங்கிப் படிக்கச் சேர்த்தார்கள். கணக்கு எனக்கு மண்டையில் ஏறவில்லை, பூகோளம் ஏறவில்லை. பின்னல் ஏறியது. கம்பளி நூலில் கண் போட்டு, ஒரு கண்ணுக்குள் இன்னொரு கண்ணை இழுத்து, வரிசை வரிசையாக ஏற்றிக்கொண்டு போவது. பத்து விரலும் சொன்னபடி கேட்டது எனக்கு வாழ்க்கையில் அந்த ஒரு வேலையில்தான். பள்ளிக்கூடத்தில் என்னை விட நன்றாகப் பின்னியவள் ஒருத்திகூட இல்லை. இருந்திருந்தால் அவளோடு நான் பேசியிருக்க மாட்டேன்.

ஆம்பூரில் வாழ்க்கைப்பட்டேன். என் புருஷன் ஒரு சாயபுவின் தோல் ஷாப்பில் மேஸ்திரி. தோல் பதனிடுகிற இடத்தை எங்கள் பக்கம் ஷாப்பு என்றுதான் சொல்வோம். வருகிற ஆட்டுத் தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறப்போட்டு, மயிர் தளர்ந்ததும் வழித்தெடுக்கிற பகுதிக்கு அவர் பொறுப்பு. எத்தனை குளித்தாலும் அந்த வாசனை போகாது. முதல் மாதம் மூக்கைப் பிடித்துக்கொண்டு படுத்தேன், இரண்டாம் மாதத்திலிருந்து அது வீட்டு வாசனை ஆகிவிட்டது. பின்னுவதற்கு ஊசி இல்லை என்று நான் முகத்தைத் தூக்கி வைத்திருந்தபோது, காற்றில் ஒடிந்துபோன ஒரு குடையைக் கொண்டுவந்து, அதன் கம்பிகளை உருவி, முனையை அரத்தால் ராவி நாலு ஊசி செய்து கொடுத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு ஆயிரம் காரணம் உண்டு. அந்தக் கம்பிகளை நினைத்துப் பாதியை விட்டுவிடுவேன்.

ஆம்பூர் வெயிலுக்குக் கம்பளித் தொப்பியா என்று சிரிக்காதீர்கள். கார்த்திகை, மார்கழியில் பாலாற்றுப் பக்கத்திலிருந்து வீசுகிற காற்றுக்குப் பச்சைக் குழந்தையின் காது தாங்காது. எங்கள் சபையில் யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் என் கையால் ஒரு தொப்பி, ஒரு ஜோடி காலுறை போகும். நான் உட்கார்ந்து பின்னியது கிடையாது. உலை கொதிக்கிற நேரத்தில் நாலு வரிசை, குழம்பு வற்றுகிற நேரத்தில் இரண்டு வரிசை. நடுவில் மாமியார், "அடுப்பப் பாருமே, பொங்கி வழியுது!" என்று குரல் கொடுப்பாள். நான் ஓடுவேன். கண்ணை எண்ணிக்கொண்டிருந்தது மறந்துபோகும். மறுபடியும் முதலிலிருந்து எண்ணுவேன். அதற்குள் பருப்பு அடிப்பிடிக்கும். என் தொப்பி போடாத குழந்தை அந்தச் சபையில் இல்லை, என் கையால் பருப்பு அடிப்பிடிக்காத வாரமும் இல்லை.

எனக்குக் குழந்தை இல்லை. கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகியிருந்தது. எதிர் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிள்ளை பிறந்தால் பார்க்கப் போவேன். தொட்டிலைத் தூரத்திலிருந்து காட்டுவார்கள். "இப்பத்தான் தூங்குது" என்பார்கள். நான் போகும்போதெல்லாம் அந்தத் தெருக் குழந்தைகள் அத்தனையும் இப்போதுதான் தூங்கியிருக்கும். யாரும் வாய் திறந்து ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. தொப்பியை மட்டும் வாங்கிக்கொண்டு, "உக்காருங்க, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்பார்கள். அந்தக் காப்பி எனக்கு இறங்காது.

எங்கள் வீட்டில் மட்டும் ஒரு வழக்கம் இருந்தது. எப்படி வந்ததென்று யாருக்கும் தெரியாது. ஞானஸ்நானத்துக்குத் தொப்பி பின்னியவள்தான் குழந்தையைத் தூக்க வேண்டும். வீட்டிலிருந்து கோயில்வரை தூக்கிப் போய், போதகர் கையில் கொடுத்து, அவர் தலையில் தண்ணீர் வார்த்த பிறகு திரும்ப வாங்கி, தொப்பியைப் போட்டு, வீடு வந்து சேருகிறவரை அவள் கையில்தான் குழந்தை. பெற்றவள்கூட நடுவில் கை நீட்ட மாட்டாள். என் நாத்தனாரின் இரண்டு பிள்ளைகளை அப்படி நான் தூக்கிப் போயிருக்கிறேன். தெரு முழுக்க வாசலில் நின்று பார்த்தது. எனக்கு "இப்பத்தான் தூங்குது" என்று சொன்னவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். நான் வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன்.

அப்படி இருக்கும்போது என் கொழுந்தனுக்குப் பெண் எடுத்தார்கள். எனக்கு ஓரகத்தி வந்தாள்.

வேலூர்ப் பெண். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்கு இரண்டு வருஷம் படித்தவள். நல்ல உயரம். சும்மா சொல்லக் கூடாது, சிரித்தால் வீடே சிரிக்கும். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. வந்த மூன்றாம் நாள் அவள் வைத்த ரசத்தை என் புருஷன் இரண்டாம் தரம் ஊற்றிக்கொண்டார். அன்றைக்கு முழுக்க அவரோடு நான் பேசவில்லை. "ரசத்துக்காகவா மூஞ்சத் தூக்கி வெச்சிருக்கே?" என்று கேட்டார். ரசத்துக்காகத்தான்.

ரசத்தையாவது பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் மத்தியானம் பெட்டியைத் திறந்து வழவழவென்று இரண்டு எலும்பு ஊசியை எடுத்தாள், கடையில் வாங்கியது. பின்ன ஆரம்பித்தாள். எனக்கு வயிறு எரிந்தது. அவள் பார்க்காமல் பின்னினாள்! என் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே, மாமியாருக்கு வெற்றிலைப் பெட்டியைக் காலால் தள்ளிக்கொண்டே, விரல் மட்டும் தன்பாட்டுக்கு ஓடியது. சிப்பி சிப்பியாக ஓரம் விழுந்தது. அந்தச் சிப்பி ஓரம் எனக்குத் தெரியாது. கேட்டால் சொல்லிக் கொடுத்திருப்பாள். நான் கேட்பேனா?

"அக்கா, நீங்க கூட பின்னுவீங்களாமே? காட்டுங்க" என்றாள்.

"அதெல்லாம் சும்மா, கை வேலைக்கு" என்று நான் என் குடைக்கம்பிகளைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டேன்.

கல்யாணமான நாலாம் மாதம் அவள் வாந்தி எடுத்தாள். மாமியார் மாங்காய் தேடி ஊரெல்லாம் ஆள் அனுப்பினாள். ஏழு வருஷத்தில் எனக்காக ஒரு எலுமிச்சம்பழம் வாங்க யாரும் ஓடியதில்லை. ஓடவேண்டிய அவசியம் வரவில்லை, அது யார் தப்பு என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் தெரியும். தெரிந்தால் பொறாமை போய்விடுமா?

அவள் வயிற்றில் குழந்தை என்று தெரிந்த அன்றிலிருந்து என் மனத்தில் ஒன்றுதான் ஓடியது. ஞானஸ்நானத் தொப்பி என் கையால்தான் ஆக வேண்டும். இந்தக் குழந்தையை நான் தூக்கிக்கொண்டு அந்தத் தெருவில் நடக்க வேண்டும். இதை ஒருநாள் பேச்சோடு பேச்சாக மாமியாரிடம் போட்டுப் பார்த்தேன். அவள் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "அதுக்கு இன்னா அவசரம்? அவளுக்கும்தான் கை வேல தெரியுது. பெத்தவளே தொப்பி போட்டா பெத்தவளே தூக்கட்டும்" என்றாள். தூக்கிவாரிப் போட்டது. இந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அந்த ஒன்று. அதை வெற்றிலையோடு சேர்த்து மடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

ஞானஸ்நானத்துக்கு வெள்ளை நூல் வேண்டும். வெள்ளை நூல் ஆம்பூர்க் கடையில் கிடைக்காது. வருஷத்துக்கு ஒருமுறை சீமையிலிருந்து மிஷனுக்குப் பெட்டி வரும். அதில் வருகிற நூல் உருண்டைகளை மிஷனின் வெள்ளைக்காரத் துரைசானி அம்மா பெண்கள் கூட்டத்தில் வைத்துப் பங்கு கொடுப்பார். வெள்ளை எப்போதும் எனக்குத்தான். அந்த வருஷம் கூட்டம் முடிந்ததும் நான் முன்வரிசையில் கையை நீட்டத் தயாராக உட்கார்ந்திருந்தேன். துரைசானி அம்மா வெள்ளை உருண்டை இரண்டையும் எடுத்தார். என்னைத் தாண்டி நீட்டினார்.

"இந்த வருஷம் இவை உன் ஓரகத்திக்கு. அவளுடைய வேலை மிகவும் சுத்தமாய் இருக்கிறது" என்றார். அவர் பேசுகிறது வேதப் புத்தகத் தமிழ். "உனக்கு இந்தக் காப்பிக்கொட்டை நிறம். இதுவும் அழகாய் இருக்கும்."

என் முகத்தில் ஈயாடவில்லை. காப்பிக்கொட்டை நிறத்தில் யாராவது குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பார்களா? வாங்கிக்கொண்டு தோத்திரம் சொன்னேன்.

வழியில் அவள் என் கையைப் பிடித்தாள். "அக்கா, இதுல ஒன்ன நீங்க எடுத்துக்குங்க. ஒரு தொப்பிக்கு ஒன்னே ஜாஸ்தி."

"எனக்கெதுக்கு? எங்கிட்ட வெள்ள நூல் இருக்குது."

"இருக்குதா? காட்டவே இல்லியே!"

"இருக்கிறதெல்லாம் காட்டிக்கினே இருப்பாங்களா?"

அவள் சிரித்தாள். "அப்பன்னா ரெண்டு பேரும் போடலாம் அக்கா. எது நல்லா இருக்குதுன்னு அத்தே சொல்லட்டும்." அவளுக்கு அது விளையாட்டு. அவள் தோற்றால் என்ன போகும்? அவளுக்குத்தான் குழந்தையே இருக்கிறதே. வீடு போய்ச் சேருகிறவரை நான் அவள் பக்கம் திரும்பவில்லை.

பொய் சொல்லியாகிவிட்டது. இனி வெள்ளை நூல் வேண்டும். ஏழாம் மாதம் அவளைப் பிரசவத்துக்கு வேலூருக்கு அழைத்துப் போனார்கள். வீடு காலியானதும் என் புருஷனைப் பிடித்துக்கொண்டேன். ஷாப்பில் செம்மறித் தோலிலிருந்து வழித்த மயிர் மூலையில் மலையாகக் கிடக்கும். பெண்கள் அதை நிறம் பிரித்துக் காய வைப்பார்கள், கம்பளி நெய்கிறவர்கள் வந்து வாங்கிப் போவார்கள். அதில் நல்ல வெள்ளையாக, மெத்தென்று இருப்பதைப் பொறுக்கி ஒரு பை கொண்டுவரச் சொன்னேன்.

"உனக்கு இன்னா பேஜாரு புட்ச்சிருக்குது? அது போர்வைக்கு ஆவும். கொழந்த தலைக்கா?"

"கொண்டுவருவீங்களா, மாட்டீங்களா?"

கொண்டுவந்தார். கொண்டுவந்ததோடு நிற்கவில்லை, உட்கார வைத்துச் சொன்னார். "இங்க பாரு மே, இது சுண்ணாம்புல ஊறின மயிரு. எத்தினி தண்ணியில அலசினாலும் சுண்ணாம்பு உள்ள நிக்கும். புளிச்ச தவிட்டுத் தண்ணில மூணு நாள் ஊறப்போடு. அப்பத்தான் கக்கும். தோலுக்கே நாங்க அப்படித்தான் செய்றோம். மறந்துராத."

மறக்கவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். மறந்துபோனேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு வழி இல்லை.

பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டி, பூந்திக்கொட்டை போட்டு, ஏழு தண்ணீரில் அலசினேன். காய்ந்ததும் எடுத்துப் பார்த்தேன். அடேயப்பா, என்ன வெள்ளை! சீமை நூல் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. பிறகு தவிட்டுத் தண்ணீர் வைத்து, ஒரு கைப்பிடியை மட்டும் எடுத்து ஊறப்போட்டேன். மறுநாள் பார்த்தால் பழுப்பு ஏறியிருந்தது, பழைய வேட்டி நிறம். சீமை நூலை விட ஒரு மாற்றுக் குறைவு. அந்தக் கைப்பிடியைக் குப்பையில் போட்டேன். தவிட்டுத் தண்ணீரை மாட்டுக்கு ஊற்றினேன். மீதி மயிரை அந்த வெள்ளையோடு அப்படியே மூட்டை கட்டி, திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து கம்பளி விற்க வருகிற பெண்ணிடம் கொடுத்து, ஒரு பழைய புடவைக்கு மெல்லிசாக நூற்றுத் தரச் சொன்னேன். "தவுட்டுல போட்டியா?" என்று புருஷன் கேட்டபோது "போட்டேன்" என்றேன். ஒரு கைப்பிடி போட்டேன் அல்லவா?

அந்தத் தொப்பியை நான் பின்னிய மாதிரி வேறு எதையும் பின்னியதில்லை. உலை பொங்கினால் பொங்கட்டும் என்று விட்டேன். ஒரு கண் தளர்ந்தால் வரிசையையே பிரித்தேன். சிப்பி ஓரம் எனக்கு வராது, அதனால் ஓரத்தில் சின்னச் சின்ன முடிச்சுகளாக ஒரு வரிசை என் புத்தியில் நானே கண்டுபிடித்துப் போட்டேன். காதோரம் முடிய ஒரு நாடாவும் வைத்தேன். நூல் உள்ளங்கையில் அறுத்தது. இரண்டு மூன்று நாளில் விரல் நுனி காய்ந்து தோல் உரிந்தது. மார்கழிப் பனி என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்றால், நினைத்துக்கொள்ள விரும்பினேன்.

அவள் ஒன்றரை மாதக் குழந்தையோடு ரயிலில் வந்து இறங்கினாள். பெண் குழந்தை. தலை நிறையக் கறுகறுவென்று முடி. இறங்கியதும் இறங்காததுமாக, "பிடிங்க அக்கா, கை நோவுது" என்று என் கையில் போட்டுவிட்டுப் பெட்டியை எண்ணப் போனாள். அத்தனை சுலபமாகக் கொடுக்கிறாளே! கை நோவுமளவுக்குத் தூக்கியிருக்கிறாளே! எனக்கு அதுவும் பொறுக்கவில்லை. குழந்தை என் முகத்தைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. பால் வாசனை. வண்டியில் ஏறுகிறவரை நான் கொடுக்கவில்லை, அவள் கேட்கவும் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு தொப்பியையும் மாமியார் முன்னால் வைத்தோம். அவள் இரண்டையும் வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் பிடித்துப் பார்த்தாள். ஓரகத்தியின் தொப்பி அழகுதான். பூ மாதிரி மெல்லிசு, சிப்பி ஓரம், காதை மூடுகிற இடத்தில் ஒரு நாடா. ஆனால் என் தொப்பியின் பக்கத்தில் வைத்தபோது அந்தச் சீமை நூல் லேசாகப் பால் நிறமாகத் தெரிந்தது. என்னுடையது கண்ணைப் பறித்தது.

"இதான் வெள்ள" என்றாள் மாமியார் என் தொப்பியை உயர்த்தி. "பெரியவளே தூக்கட்டும்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஓரகத்தி முகத்தில் கொஞ்சம்கூட வாட்டம் இல்லை. அதிலும் எனக்கு ஏமாற்றம்தான். தொப்பியை வாங்கி உள்பக்கம் திருப்பித் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அக்கா, உள்ள கொஞ்சம் சொரசொரன்னு இருக்குதே. மெல்லிசா ஒரு துணி வெச்சித் தெச்சிடலாமா? நானே தெக்கிறேன்."

"ஆமா, நீ ஆஸ்பத்திரியில படிச்சவ. உனக்கு எல்லாம் தெரியும். என் வேலயில ஒரு கொற சொல்லாட்டி உனக்குத் தூக்கம் வராதே!"

"ஐயோ, கொற சொல்லல அக்கா..."

"துணி வெச்சா அது உன் தொப்பி. வெக்காம இருந்தா என் தொப்பி. உனக்கு எது வேணும்?"

அவள் தொப்பியை மறுபடி வெளிப்பக்கம் திருப்பி மாமியாரிடம் நீட்டினாள். மாமியார் தொப்பியைக் குழந்தையின் மற்றத் துணியோடு வைக்கச் சொல்லி அவளிடமே கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்தத் தெருவில் நான் நடந்தேன். பனி இன்னும் விலகவில்லை. குழந்தை என் தோளில், அதன் தலையில் என் தொப்பி. எதிர் வீட்டு அம்மா, பக்கத்து வீட்டு அம்மா, சாயபு வீட்டுத் திரைக்குப் பின்னால் நின்றவர்கள், எல்லாரும் பார்த்தார்கள். ஓரகத்தி எனக்கு இரண்டடி பின்னால் வெறுங்கையோடு வந்தாள். அவள் பின்னால் வருகிறாள் என்பதை நான் முதுகால் ருசித்துக்கொண்டே போனேன். அந்த ருசியை இப்போது மறுக்க மாட்டேன்.

கோயிலில் தொப்பியைக் கழற்றிப் போதகர் கையில் குழந்தையைக் கொடுத்தேன். அவர் மூன்று கை தண்ணீர் வார்த்தார். கொஞ்சம் தாராளமான கை. முடி சொட்டச் சொட்டத் திரும்ப வாங்கினேன். துடைக்கத் துண்டு ஓரகத்தியிடம் இருந்தது. திரும்பிக் கேட்டால் அவள் கை உள்ளே வரும். என் நேரத்தில் அவள் கை எதற்கு என்று ஈரத் தலையிலேயே தொப்பியை இழுத்துக் காதுவரை மூடி, நாடாவை முடிந்தேன்.

ஜெபம் முடிவதற்குள் குழந்தை அழ ஆரம்பித்தது. குளிர் என்று நெஞ்சோடு அணைத்தேன். வழியெல்லாம் அழுதது. பசி என்றார்கள். வீட்டில் எல்லாருக்கும் பன்னும் காப்பியும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். துரைசானி அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விருந்து முடிகிறவரை தூக்கியவள் மடியில் இருப்பதுதான் வழக்கம் என்று நான் குழந்தையை விடவில்லை. அது அழுத அழுகையில் முகம் நீலம் பாரித்தது. கடைசியில் ஓரகத்தி வழக்கத்தையெல்லாம் பார்க்காமல் பாய்ந்து வந்து என் மடியிலேயே வைத்து நாடாவை அவிழ்த்துத் தொப்பியைக் கழற்றினாள்.

நெற்றியைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம். இரண்டு காதுக்குப் பின்னாலும் தோல் வெந்து கொப்புளமாகியிருந்தது. ஒரு இடத்தில் முடியோடு தோல் தொப்பியில் ஒட்டிக்கொண்டு வந்தது.

என் புருஷன் தொப்பியைக் கையில் எடுத்தார், ஈரத்தை விரலால் தேய்த்தார், மூக்கில் வைத்து மோந்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எல்லாம் முடிந்தது. அவர் வாய் திறந்தால் போதும். மாமியாரும் என்னைத்தான் பார்த்தாள். வாசலில் காப்பி குடித்துக்கொண்டிருந்த தெருப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். பெறாதவள் கையில் கொடுத்தால் இப்படித்தான் என்று அவர்கள் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லாமல் நின்றார்கள்.

"இந்தத் தொப்பிக்கு என்ன செய்தீர்கள்?" என்று துரைசானி அம்மா எழுந்தார்.

"நான்தாம்மா" என்றாள் ஓரகத்தி.

குழந்தையின் தலையில் நல்ல தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. "நேத்து சாயங்காலம் வண்ணான் சோடாவுல முக்கி எடுத்தேன். இன்னும் வெள்ளையா இருக்கட்டுமேன்னு. சரியா அலசல. அக்காவுக்குத் தெரியாது."

அப்புறம் அவளுக்கு விழுந்தது பாருங்கள்! "ஆஸ்பத்திரியில் படித்த பெண்ணா நீ? பச்சைக் குழந்தையின் தலைக்குச் சோடாவா?" என்று துரைசானி அம்மா அத்தனை பேர் முன்னால் கேட்டார். மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள். "படிச்சவன்னு கொண்டாந்தேனே, பெத்த புள்ளயவே வேக வெச்சிட்டியே பாவி!" என்றாள். கொழுந்தன் எல்லார் முன்னாலும் பெண்டாட்டியை அடிக்கக் கை ஓங்கிக்கொண்டு வந்தான். என் புருஷன்தான் குறுக்கே நின்று பிடித்தார். பிடித்தவர் வேறு எதுவும் பேசவில்லை. அவள் ஈரத் துணியைப் பிழிந்து கொண்டே இருந்தாள். நானும் ஒன்றும் பேசவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு அடுக்களையில் அவள் குழந்தைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கன்னமெல்லாம் கண்ணீர்க் கோடு. மாமியார் கூடத்தில் உட்கார்ந்து இன்னும் திட்டிக்கொண்டிருந்தாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சோடாவுல போட்டியா நீ?"

"இல்ல அக்கா."

"பின்ன?"

"சுண்ணாம்பு வாசன எனக்குத் தெரியாதா? தண்ணி பட்டதும் அடிச்சிதே."

"தெரிஞ்சா ஏன் சொல்லல? எதுக்கு எனக்காகப் பொய் சொன்னே? நான் கேட்டேனா?" எனக்குக் கோபம்தான் வந்தது. சத்தியமாகக் கோபம்தான்.

அவள் எண்ணெய்க் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "என்னய இன்னிக்குத் திட்டுவாங்க, நாளைக்கு என் கொழந்தய எங்கிட்டதான் குடுப்பாங்க. உங்க பேரு வெளிய வந்தா, அப்பறம் இந்தத் தெருவுல உங்க கையில யாரு அக்கா கொழந்தயக் குடுப்பாங்க?"

கை வேலைக்குப் பொறாமைப்பட்டிருக்கிறேன், சிரிப்புக்கு, ரசத்துக்கு, வயிற்றுக்கு. அன்றைக்கு அந்த அடுக்களையில் வந்தது அதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது. தன் குழந்தை வெந்து கிடக்கும்போது என்னைப் பற்றி நினைக்க அவளுக்கு எப்படி முடிந்தது? எனக்கு ஏன் முடியாது? கடவுள் அதையும் எனக்கு ஒரு கரண்டி வைக்காமல் அவளுக்கே கவிழ்த்துவிட்டாரே என்று நெஞ்சு காந்தியது. அவள் நல்லவள் என்பதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

"கொஞ்சம் பிடிங்க, எண்ணெ ஊறட்டும்" என்று குழந்தையை என்னிடம் நீட்டினாள். வாங்கினேன். அழுது ஓய்ந்த உடம்பு விசும்பிக்கொண்டே என் கழுத்தில் முகத்தைப் புதைத்தது. கூடத்தில் மாமியார் குரல் ஏறியது. ஆஸ்பத்திரிக்காரி, திமிர் பிடித்தவள், இனி இவள் கையில் குழந்தையைத் தனியாக விடக் கூடாது என்றெல்லாம் கேட்டது. அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவே பத்தடி. போய், "தவிட்டுல போடாதது நான்தான்" என்று சொன்னால் முடிந்தது. சொன்னால் குழந்தையை என் கையிலிருந்து வாங்கிவிடுவார்கள்.

நான் போகவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக் கொடுத்துக்கொண்டு, அவள் திட்டு வாங்குவதைக் கேட்டபடி, அங்கேயே நின்றேன்.